வலைக்குள் இரண்டு மணி நேரம்

"இன்னும் நாற்பது நிமிஷம்," என்றார் படகின் தலைவரான ஸ்ராங்க், கடிகாரத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

படகின் இடப்பக்கம் சுருக்குவலை பெரிய கிண்ணம்போல் தொங்கியது. உள்ளே பதினைந்து டன் மத்தி ஒரே திசையில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. வலையின் அடிக்கயிற்றை இறுக்கியாயிற்று, தப்ப வழியில்லை. ஆனால் உடனே அள்ளவும் முடியாது. வயிறு நிறைய மேய்ந்த மத்தி அது. அப்படியே அள்ளினால், செத்த பிறகும் உள்ளே செரிமானம் நிற்காது. கரை சேர்வதற்குள் வயிறு வெடித்துவிடும். வலையிலேயே இரண்டு மணி நேரம் உயிரோடு நிறுத்தினால் வயிறு காலியாகும்.

சென்ற வாரம் இரண்டு முறை வெடித்த மீன் போயிருந்தது. "மூணாவது தடவை இப்படி வந்தா, இந்தப் பக்கமே தலை காட்டாதீங்க," என்று டின் மீன் தொழிற்சாலை மேலாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

வலப்பக்கம், சிறிய மோட்டார் படகில் ஸ்ராங்கின் மச்சினன். வலையின் பாரத்தில் பெரிய படகு சாயாதபடி எதிர்ப்பக்கம் கயிறு கட்டி இழுத்து நிற்பது அவன் வேலை.

"மாமா, வலை கனத்துக்கிட்டே போகுது!"

"அலையா இருக்கும் மாப்ள. பொறுத்தார் பூமி ஆள்வார்!"

"பூமி சரி, நாம நிக்கிறது கடல்ல!"

படகின் சமையல்காரர் சிரித்தார். சிரித்தபடியே வலைக்குள் எட்டிப் பார்த்தவரின் முகம் மாறியது.

"ஸ்ராங்க்... வட்டம் கலைஞ்சிருச்சு."

மீன்கள் திசை தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று மோதின. சில மல்லாந்து வெள்ளை வயிற்றைக் காட்டின. நெரிசலில் தண்ணீரில் மூச்சுக்காற்று தீர்ந்துபோயிருந்தது. உயிருள்ள மத்தி தன் எடையைத் தானே நீந்திச் சுமக்கும். செத்த மத்தி வலைமேல் படுத்துவிடும்.

படகு ஒரு முறை முனகியது. பிறகு இடப்பக்கம் சரிந்தது. மேல்தளத்தில் தண்ணீர் ஏறியது.

"அடிக்கயித்த வெட்டுங்க!" என்று கத்தினார் சமையல்காரர்.

கோடரி ஸ்ராங்கின் கையில்தான் இருந்தது. கை எழவில்லை. மேலாளரின் குரல் காதிலேயே நின்றது. இப்போதே அள்ளினால் பாதியாவது தேறாதா?

வலப்பக்கம் திரும்பினார். சாயும் பெரிய படகு கயிற்றோடு இழுத்ததில் சிறிய படகின் பின்புறம் நீருக்குள் அமுங்கிக்கொண்டிருந்தது. மச்சினனுக்கு முழங்கால்வரை தண்ணீர். அந்தக் கயிற்றின் கொக்கியைத் தட்டிவிட்டால் அவன் தப்பிவிடுவான். அடுத்த நொடி பெரிய படகு ஆறு பேரோடு கவிழும்.

"டேய்! கொக்கியக் கழட்டிட்டுப் போடா!"

"மொதல்ல நீங்க மீனை விடுங்க!"

"சொன்னாக் கேளுடா! உங்க அக்கா என்னை உயிரோட விடமாட்டா!"

"அப்ப வெட்டுங்க மாமா!"

தண்ணீர் அவன் தொடையைத் தொட்டது. அவன் கை கொக்கியின் பக்கம் போகவே இல்லை.

ஸ்ராங்க் ஓங்கி வெட்டினார். இரண்டாவது வெட்டில் கயிறு சாட்டையாகத் தெறித்து அவர் காதை உரசிப் போனது. வலையின் அடி திறந்தது. பதினைந்து டன்னும் கடலடி இருட்டுக்குள் இறங்கியது. படகு குலுங்கி நிமிர்ந்தது.

மச்சினன் சொட்டச் சொட்ட ஏறி வந்தான்.

"புதுக் கயிறு கோத்துப் போடுங்க," என்றார் ஸ்ராங்க். "மதியத்துக்குள்ள இன்னொரு தடவை வலை வளைக்கலாம்."

"இந்தத் தடவை மீனை எவ்வளவு நேரம் வலையில நிறுத்தணும்?" என்று கேட்டார் சமையல்காரர்.

ஸ்ராங்க் மச்சினனைப் பார்த்தார்.

"அவன் போதும்னு சொல்ற வரைக்கும்."