ஈயம் ஊற்றிய காலை

மடுல்கெல்லத் தோட்டத்தில் கோப்பிக் கொட்டை பதப்படுத்தக் கட்டும் புதிய இஸ்டோருக்குச் சுண்ணாம்புக் கொங்கிரீட்டில் தரை போட்டிருந்தார்கள். பலகைச் சுவரைத் தாங்கும் அடிச்சட்டத்தை அந்தத் தரையோடு பிணைக்க வேண்டும். அதற்காகத் தச்சன் இராமையா வரிசையாகக் குழிகள் கொத்தியிருந்தான். ஒவ்வொரு குழியிலும் ஓர் இரும்பு முளையை நிறுத்திச் சுற்றிலும் உருக்கிய ஈயத்தை ஊற்றிவிட்டால், பிறகு சட்டத்தை முளைகளில் மாட்டி முடுக்கலாம். போன மழைக்காற்றில் பழைய சுவர் பெயர்ந்து விழுந்து, அதைக் கட்டிய தச்சனின் காலை நசுக்கியிருந்தது.

அதை நினைத்தே இராமையாவின் மனைவி வேலாயிக்குத் தூக்கம் வரவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் ஊரில் வாசல் நிலை நடும்போது குழியில் பாலும் மஞ்சள் தண்ணீரும் விடுவார்கள். இங்கே யாரும் அப்படிச் செய்ததாகத் தெரியவில்லை. விடியும்போதே வந்து, குழிகளை மூடியிருந்த சாக்குகளை விலக்கி, அவனுக்காக வேண்டிக்கொண்டே ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விட்டு, மறுபடி மூடிவிட்டுப் போனாள்.

வெயில் ஏறியதும் கோப்பித் தண்ணீரோடு திரும்பி வந்தபோது, கொல்லன் இருளப்பன் உலையில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தான்.

"அங்கனயே நில்லு தங்கச்சி. மொகம் கருத்துப் போனா ஒம் புருஷன் என்னையத்தான் திட்டுவான்."

"இதென்னண்ணே, பாலு மாதிரி மின்னுது?"

"பாலா? குழியில சொட்டு ஈரம் இருந்தாப் போதும், அப்படியே மூஞ்சில வெடிக்கும். வத்தேகமப் பக்கம் ஒருத்தனுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. அதான் ராமையா நேத்தே எல்லாத்தையும் தொடச்சு மூடி வச்சான்."

வேலாயி செம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் இராமையா ஈயக் கரண்டியோடு மூலைக் குழிக்குப் போய்விட்டான். குழியில் முளையை நிறுத்தி, முகத்தைத் தாழ்த்திக் குனிந்தான்.

"ஏங்க!" என்றாள். பக்கத்தில் கோப்பிப் பழம் உரிக்கும் இயந்திரத்தின் இரைச்சல். அவன் திரும்பவில்லை. கரண்டி சரியத் தொடங்கியது.

"ராமையா!"

அவன் விறைத்து நிமிர்ந்தான். வேலையாட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத்தன ஆம்பளைங்க நிக்கிற எடத்துல புருஷன் பேரையா கூவுறது?" என்றார் வேலையாட்களை மேய்க்கும் கங்காணி லெட்சுமணன்.

அவர் சொன்னது அவள் காதில் விழவே இல்லை. "ஊத்தாதீங்க. உள்ள தண்ணி இருக்கு. நாந்தான்... பாலும் மஞ்சத் தண்ணியும் விட்டேன்."

இராமையா கரண்டியை உலையில் வைத்துவிட்டு வந்து, முளையை எடுத்தான். துணி சுற்றிய குச்சியைக் குழிக்குள் விட்டு இழுத்தான். மஞ்சளாக வந்தது.

"நல்ல பொண்டாட்டிய கட்டியிருக்க," என்றார் கங்காணி.

"அவ கூப்பிடலேன்னா நான் இந்நேரம் குருடன் கங்காணியாரே." பிறகு அவளிடம் மெதுவாகக் கேட்டான்: "எந்தெந்தக் குழியில?"

"எல்லாத்துலயும்."

இருளப்பன் சிரித்துவிட்டான். கம்பிகளைப் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொரு குழியிலும் விட்டார்கள். ஆவி எழுந்தது. ஆவி நின்ற பின்னும் இராமையா மறுபடி காய்ச்சச் சொன்னான்.

மூலைக் குழியில் மீண்டும் முளையை நிறுத்தி, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினான். உள்ளே ஏதோ சீறியது. ஒரு பொட்டு ஈயம் தெறித்து அவன் மணிக்கட்டில் பட்டது. மீதி சத்தமில்லாமல் இறங்கி, முளையைச் சுற்றி வெளுத்து உறைந்தது.

அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை பேர் பார்த்தும் அவனும் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

"ஈயம் ஆறுது ராமையா," என்றான் இருளப்பன். "அந்தக் கைய அவகிட்டயே குடுத்துட்டு, மத்தக் கையாலயாச்சும் ஊத்து."