உத்தரம் அப்படியேதான் இருக்கிறது

லிஃப்ட் கம்பெனியில் டிராயிங் போடுகிற அவருக்கு ஸ்கேல் என்று பட்டப்பெயர். ஆளும் உயரம், நடையும் நேர்கோடு. சின்ன வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். முதலாளியிடம் மட்டும் கொஞ்சம் சிரமம். மீசை பாதி வார்த்தையைத் தின்றுவிடும்.

அவருக்கு வரும் போன்களையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தவர் பக்கத்து மேஜைக்காரர். வாய் ஓயாததால் அவருக்கு வானொலி என்று பெயர். வெளியே கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து யாராவது நெடுநேரம் கத்துவார்கள். வானொலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல, கொஞ்சம் மாத்தணுமாம்" என்பார். என்ன மாற்ற வேண்டும் என்பது அதற்குள் காற்றோடு போயிருக்கும்.

அந்த மாதம் ஸ்கேலின் மேஜைக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தது. டெலிபோன் வயரை நேராக அதில் செருகியிருந்தார்கள். வரைந்ததைத் தாளில் எடுத்து, முதலாளி அறையிலிருக்கும் ஃபேக்ஸ் மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பிரிண்டருக்குப் பதிலாக ஃபேக்ஸ் என்று தேர்ந்தெடுத்து, எண்ணை அடித்தால் திரையிலிருந்தே படம் போய்விடும். யாராவது அனுப்பினால் திரையின் மூலையில் ஒரு சின்ன உறை மினுக்கும். மணியடித்தால் கேட்காத மனிதருக்கு அந்த மினுக்கல் போதுமானதாக இருந்தது.

ஒரு காலையில் உறை மினுக்கியது. புதிதாக எழும்பும் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் இன்ஜினியரம்மா அனுப்பியிருந்தார். கையெழுத்தே கோபமாக இருந்தது. "லிஃப்ட் கயிறு இறங்க நீங்கள் ஓட்டை போடச் சொன்ன இடத்துக்கு அடியில் கான்கிரீட் உத்தரம் ஓடுகிறது. உடனே போன் செய்யுங்கள்."

ஸ்கேல் தட்டச்சு செய்தார். "எனக்குக் கொடுத்த படத்தில் உத்தரம் இல்லை. போனில் பேச மாட்டேன். எழுதுங்கள்."

பதில் சூடாக வந்தது. "கட்டடத்தில் இருக்கிறது. போனில் பேச முடியாத அளவுக்குத் திமிரா?"

எட்டிப் பார்த்த வானொலி தோளைத் தட்டித் தன் பக்கம் திருப்பினார். "விடுங்க சார், நான் பேசி சமாதானம் பண்றேன்."

வேண்டாம் என்று ஸ்கேல் கையசைத்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் அவரை யாரும் நேராகத் திட்டியதே இல்லை. திட்டெல்லாம் வானொலியின் காதோடு நின்றுபோயிருந்தது. எழுதினார்: "திமிர் கொஞ்சம் உண்டு. போனில் பேசாததற்குக் காரணம் அது இல்லை. எனக்குக் காது கேட்காது."

ஐயோ பாவம் என்று ஏதாவது வரும் என்று நினைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தது இதுதான்: "சரி. உத்தரம் அப்படியேதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?"

கீழே அந்தம்மா கையாலேயே உத்தரத்தை அளவோடு வரைந்திருந்தார். ஸ்கேல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். லிஃப்டுக்கு எதிர் எடையாகத் தொங்கும் இரும்புக்கட்டியை உத்தரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி, கயிறு வளைந்து செல்ல ஒரு சின்னச் சக்கரத்தைச் சேர்த்தார். படம் போனது.

"சக்கரம் வந்தால் மோட்டார் அறைக் கதவு திறக்காது," என்று திரும்பி வந்தது.

"கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வையுங்கள்."

"அது என் வேலை. பார்த்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் சரி."

சாப்பாட்டு நேரத்துக்குள் விஷயம் முடிந்தது. வானொலி வாயைப் பிளந்தார். "நான் பேசியிருந்தா ஒரு வாரம் இழுத்திருக்கும்!"

மாலையில் இன்னொரு ஃபேக்ஸ். "மோட்டார் ஏற்றும்போது படம் போட்டவரே வரட்டும். இடையில் ஆள் வேண்டாம்." ஸ்கேல் அதைத் தாளில் எடுத்துக்கொண்டு நேரே முதலாளியின் அறைக்குப் போனார். வெளிவேலைக்கு அனுப்பச் சொல்லி அவர் பலமுறை எழுதிக் கேட்டிருக்கிறார்.

முதலாளி தாளைப் படித்துவிட்டு மீசையை ஒதுக்கிக்கொண்டார். "அங்க அத்தன சத்தத்துல எப்படிப்பா பேசுவே?"

ஸ்கேல் வீட்டுக்கு வெளியே வாய் திறப்பது அபூர்வம். குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று அவருக்கே தெரியாது. அன்று திறந்தார். "சத்தம் உங்களுக்குத்தான் சார் தொந்தரவு. எனக்கென்ன?"

குரல் கொஞ்சம் ஓங்கியே வந்துவிட்டது. வெளியே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "போயிட்டு வா," என்று கையெழுத்துப் போட்டார்.

மோட்டார் ஏற்றிய அன்று கிரேனும் கலவை மெஷினும் போட்ட இரைச்சலில் அங்கிருந்த யாருக்குமே காது கேட்கவில்லை. இன்ஜினியரம்மா கையில் ஒரு சாக்பீஸோடு நின்றார். ஸ்கேலுக்கும் ஒன்றைக் கொடுத்தார். இருவரும் சுவரில் எழுதி எழுதிச் சண்டை போட்டார்கள். கொக்கி எங்கே, கயிறு எவ்வளவு தளர்வு என்று ஒரு சுவர் நிரம்பி, அடுத்த சுவருக்குப் போனார்கள். மோட்டார் சொன்ன இடத்தில் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

பெயின்ட் அடிக்க வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "யாரு சார் இதையெல்லாம் துடைக்கிறது?"

ஸ்கேல் அவர் உதட்டைப் பார்த்தார். பிறகு, எதுவும் கேட்காதவர் மாதிரி நடையைக் கட்டினார்.