கோயில் காளைக்கு விட்ட இடம்

அலங்காநல்லூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில், சல்லிக்கட்டுக்காக வாடிவாசலுக்கு மேலே இவ்வாண்டு பெரிய திரை ஒன்றைக் கட்டினார்கள். காளை வெளிவரும்போது அதன் பெயர், ஊர், உரிமையாளர், பிடிப்பவருக்கு அவர் தரும் பரிசு ஆகிய நான்கும் அதில் தோன்ற வேண்டும். அதற்கான கணினி நிரலை எழுதியவள் ஹெப்சிபா. மதுரையில் வேலைக்குச் சேர்ந்தபின் அவள் தனியாகச் செய்த முதல் பணி அது.

காளைக்கு ஒரு வரியாக விவரங்களைத் தட்டச்சு செய்த இளைஞர்களுள் ஒருவர் அவற்றைப் பிரிக்கக் காற்புள்ளி இட்டிருந்தார், இன்னொருவர் சாய்கோடு. இடைவெளிகளோ விதை தெளித்தாற்போலக் கிடந்தன. அவள் சலிக்கவில்லை. இவற்றுள் எக்குறி வந்தாலும், அதை ஒட்டிய இடைவெளியோடு வெட்டும்படி, வரியைத் துண்டாக்கும் ஜாவா மொழியின் ஸ்பிளிட் கட்டளைக்கு, ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் குறித்தேடல் வாய்பாட்டை ஒற்றை வரியில் எழுதினாள். தேர்ந்த கை வாழைத்தாரைச் சீப்புச் சீப்பாக இறக்குவதைப் போன்ற அழகு அதில் இருந்தது.

ஆயினும் சல்லிக்கட்டுக்கு முந்தைய நாள் ஒத்திகையில் நிரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அது கோயில் காளையின் வரி. வழக்கப்படி முதலில் அவிழ்க்கப்படும் அக்காளையை எவரும் பிடிப்பதில்லை, ஊருக்கே பொது. ஆகவே அவ்வரியில் உரிமையாளர், பரிசு இரண்டும் வெற்றிடம், பிரிக்கும் குறிகள் மட்டும் இருந்தன.

சாமி காளை முதலில் வராவிட்டால் திரையை இறக்கிவிடுவதாக, மைக்கில் அறிவிக்கும் விருமாண்டி சொல்லிவிட்டார். இப்போதைக்கு உரிமையாளர் இடத்தில் ஊர்த்தலைவர் பெயரைப் போட்டுவிடலாமா என்று ஹெப்சிபா கேட்டாள்.

"சாமி மாட்டுக்கு ஒருத்தர் பேரப் போட்டா, விடியுறதுக்குள்ள ஊரு ரெண்டாயிரும் தாயி. என்னையும் சேத்து வெட்டிருவாங்கெ" என்றார் அவர்.

ஹெப்சிபா பந்தல் நிழலில் அமர்ந்து, அவ்வரி எத்தனை துண்டாகிறது என்று பார்த்தாள். நான்கு வேண்டிய இடத்தில் இரண்டே வந்தன. நடுவில் வரும் வெற்றிடத்தைக் காக்கும் ஸ்பிளிட், கடைசியில் வருபவற்றை உதறிவிடுகிறது. இல்லாத மூன்றாம் துண்டைத் தேடித்தான் நிரல் நின்றிருக்கிறது. கட்டளையின் முடிவில் மைனஸ் ஒன்று என்று சேர்த்தாள். எதையும் உதறாதே என்பது அதன் பொருள். இப்போது நான்கு துண்டுகள் வந்தன. இரண்டு வெறுமையாக, தத்தம் இடத்தில்.

"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு நேரம்?" என்று சிரித்தார் விருமாண்டி.

"ஒண்ணுமில்லைன்னாலும் அதுக்கு ஒரு இடம் வேணும்ணே."

மறுநாள் காலை திரையில் கோயில் காளையின் பெயரும் ஊரும் எழுந்தன. விருமாண்டி இரண்டையும் உரக்கப் படித்தார். உரிமையாளர் என்பதற்கு எதிரே இருந்த வெற்றிடம் வந்ததும் மைக்கைத் தாழ்த்திக் கும்பிட்டார்.