காலையில் போடாத பந்து

குப்புராஜ் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்று திருவள்ளூரில் அவன் செய்த காரியத்தை மட்டும் கேட்டால் யாருக்கும் வேறு மாதிரிதான் தோன்றும்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு குழாய்க் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. ஐ.டி.ஐ.யில் படித்தபோது மாவட்டத்துக்குக் கூடைப்பந்து ஆடியவன். கம்பெனிக்குப் பின்னால் சும்மா கிடந்த சிமெண்டுத் தரையில் தானே கம்பம் நட்டு, வளையத்தை வெல்டிங் வைத்து, எளாவூர்ப் பக்கத்தில் வீட்டோடு முடங்கிக் கிடந்த மூன்று பேரைக் கூட்டிவந்து ஆட வைத்தான். மூவரும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். அவர்களோடு குப்புராஜும் வாட்ச்மேன் பச்சையப்பனும் சேர்ந்தால் ஐந்து பேர். இப்படிக் கலந்து ஆடும் அணிகளுக்கென்றே போட்டி உண்டு.

மூவரில் ராபின்தான் கை தேர்ந்தவன். வயது இருபத்தாறு. யாரும் மறிக்காமல் தனியாக நின்று வளையத்துக்குப் போடும் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிறுத்தினால் பத்துக்கு எட்டு உள்ளே போகும். அவன் அம்மா சுகிர்தா அதே கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தும், மகன் பந்து போட்டு ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அவன் ஆடும் நேரத்தில்தான் அவருக்கு இரண்டாவது ஷிஃப்டு ஆட்களுக்கு டீயும் வடையும் போட்டாக வேண்டும். குப்புராஜ் வந்து சொல்லும் கணக்கைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மணவாளன் என்று ஒரு புது மேனேஜர் வரும்வரை. மனிதர் ஆடுகளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, லாரி நிறுத்த இடமில்லாமல் ரோட்டில் நிற்கிறது என்றார்.

"திருவள்ளூர்ல மேட்ச் இருக்காமே. ஒரு கப்பு எடுத்துக்கினு வா. அதக் காட்டி மேல பேசறேன். இல்லன்னா அடுத்த மாசம் இங்க லாரிதான் நிக்கும்."

அன்றிலிருந்து குப்புராஜுக்குத் தூக்கம் போனது. கம்பம் போனால் மூன்று பேரும் மறுபடி வீட்டில் டி.வி. முன்னால் உட்கார வேண்டியதுதான்.

போட்டியின் ஏற்பாடு இது. காலையில் பத்துப் பத்து நிமிட ஆட்டங்கள். அதில் வெற்றி தோல்வி கிடையாது. யார் எவ்வளவு ஆடுகிறார்கள் என்று பார்த்து, சமமான அணிகளை ஒரே குழுவில் போடுவார்கள். மதியம்தான் கப்புக்கான ஆட்டம், குழுவுக்கு ஒரு கப்பு. காலையில் மனசார ஆட வேண்டும், பதுங்கி ஆடியது தெரிந்தால் அணியையே நீக்கிவிடுவார்கள். இந்த விதி குப்புராஜுக்கு நன்றாகத் தெரியும். வந்திருந்தவற்றில் இரண்டு அணிகள் தங்களை நசுக்கிவிடும் என்பதும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ராபினைக் கைக்குழாய்ப் பக்கம் கூட்டிப்போனான்.

"காலையில நீ போடாத. ஃப்ரீ த்ரோ வந்தாக்கூட வெளியதான் போடணும். இன்னா?"

"ஏண்ணா?"

"நான் சொல்றேன்ல."

ராபினுக்கு அது போதும். வேறு யாராக இருந்தாலும் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள். அவன் கேட்க மாட்டான் என்று தெரிந்துதான் குப்புராஜ் அவனிடம் சொன்னான். அந்த அயோக்கியத்தனம் அப்போதே அவனுக்கு உறைத்தது. உறைத்தும் சும்மா இருந்தான்.

நான்கு ஃப்ரீ த்ரோ வந்தது. நான்கையும் ராபின் வளையத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டான். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் பாவப்பட்டுக் கைதட்டியது. அந்தக் கூட்டத்தில், அன்றைக்கென்று லீவு போட்டு, சர்ச்சுக்குக் கட்டும் புடவையில் வந்திருந்த சுகிர்தாவும் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் எழுந்து வந்தார்.

"பரவால்ல தம்பி. அவன் கை அவ்ளோதான். பத்துக்கு எட்டுன்னு நீ சொன்னது என் மனசு நோவக் கூடாதுன்னு சொன்னது, எனக்குப் புரியுது."

"வெய்யில் மூஞ்சில அடிச்சிக்கினு இருந்துச்சிக்கா" என்றான் குப்புராஜ். வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது.

நினைத்தபடியே லேசான குழுவில் விழுந்தார்கள். கடைசி ஆட்டம் கடம்பத்தூர் அணியோடு. அவர்களும் விடாமல் ஆடினார்கள். முடிய ஒரு நிமிடம் இருக்கையில் ஒரு புள்ளி பின்னால். அந்த நேரம் பார்த்து ராபினை ஒருவன் இடித்துவிட, இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது.

ராபின் கோட்டில் நின்றான். பந்தைத் தட்டவில்லை. திரும்பி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கேட்டான்.

"அண்ணா, இப்பப் போடலாமா?"

நடுவர் ஈஸ்வரி விசிலை வாயிலிருந்து எடுத்தார். "போட வேணாம்னு யாராவது சொன்னாங்களா?"

அடுத்த மாதம் அங்கே நிற்கப்போகும் லாரிகள் வரிசையாகக் குப்புராஜின் கண்ணில் தெரிந்தன.

"அவன் அப்டித்தான் மேடம். ஏதாச்சும் சொல்லிக்கினே இருப்பான். புத்தி கொஞ்சம் கம்மி."

இரண்டு வருடமாக அந்த வார்த்தையை ஆடுகளத்தில் யாரும் சொல்லக்கூடாது என்று சண்டை பிடித்தவன் அவன். ஒருமுறை லாரி டிரைவர் ஒருவர் சொன்னதற்குச் சட்டையைப் பிடித்திருக்கிறான். இப்போது வாய் கூசாமல் தானே சொன்னான். ஈஸ்வரி இரக்கத்தோடு தலையசைத்தார். ராபின் பந்தைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"போடு ராபின்" என்றான் குப்புராஜ். இரண்டும் உள்ளே விழுந்தன. அதுவே போதுமானதாக இருந்தது.

கப்பைத் தூக்கிக்கொண்டு பச்சையப்பன் ஆடினார். சுகிர்தா வந்து குப்புராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அழுதிருந்தார்.

"அங்க சொன்னியே தம்பி, அது நெசந்தான். அவனுக்குப் புத்தி கம்மிதான். அது தெரிஞ்சும் கூட வெச்சிக்கினு ஆடறியே, அதுக்கே நீ நல்லா இருக்கணும்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். கையை விடுவித்துக்கொண்டு, பச்சையப்பனிடமிருந்து கப்பை வாங்கி, நேரே நடுவர் மேசைக்குப் போனான். காலையில் தான் சொன்னது, ராபின் கேட்டது, தான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சுகிர்தா காதில் விழும்படியே சொன்னான்.

ஈஸ்வரி முகத்தில் கோபம்கூட இல்லை. "அந்தப் பையன எதுக்குப் பைத்தியமாக்குன?" என்று மட்டும் கேட்டார். கப்பு கடம்பத்தூருக்குப் போனது.

திரும்பும் வழியில் வேன் ஊத்துக்கோட்டையைத் தாண்டியது. சுகிர்தா குப்புராஜின் பக்கமே திரும்பவில்லை. அவன் எழுந்து போய் ராபின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ராபின், கப்ப எடுத்துக்கினாங்கல்ல, அது என்னாலதான். உன் மேல ஒரு தப்பும் இல்ல. நீ நல்லா போட்ட. நான்தான் உன்னப் பத்திப் பொய் சொன்னேன். உனக்குப் புத்தி கம்மின்னு சொன்னேன் பாரு, அது பொய்யி."

ராபின் விரல்விட்டு என்னவோ எண்ணிப் பார்த்துக்கொண்டான்.

"காலையில போடல. யாரும் ஒண்ணும் சொல்லல, கைதட்னாங்க. அப்புறம் போட்டேன். கப்ப எடுத்துக்கினாங்க." குப்புராஜின் தோளில் கைவைத்தான். "சாரிண்ணா. இனிமே போடவே மாட்டேன்."

குப்புராஜ் முதலிலிருந்து மறுபடி சொன்னான். கும்மிடிப்பூண்டி வருவதற்குள் நான்கு முறை சொல்லியிருப்பான். ஒவ்வொரு முறையும் ராபின் சரி சரி என்று தலையாட்டினான். அண்ணன் எது சொன்னாலும் அவன் அப்படித்தான் தலையாட்டுவான்.