எர்மான்ஸ் கடித்த மணி

வானொலியில் மரண அறிவிப்பு வந்தபோது எலியெத் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கணவர் ரெமி, பிள்ளைகள், நாத்தனார் எலியெத் ஆகியோர் சோலான்ஜின் மறைவை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறார்கள். அடக்கம் இன்று மாலை, பொதுக் கல்லறையில்."

"எனக்கென்ன வருத்தம்? என் பேரை எதுக்கு இழுக்கறான்?" என்று வானொலியையே திட்டினாள்.

குடும்பக் கல்லறை அவள் பெயரில் இருந்தது, சாவியும் அவளிடம்தான். நேற்றுத் தம்பி ரெமி வாசலில் நின்று கெஞ்சினான். "அக்கா, எனக்கும் நாளைக்கு அங்கதானே இடம். அவளைத் தனியாப் போட வச்சிடாதக்கா." இவள் அசையவில்லை. "தங்க மாலை வரட்டும், உன் பொண்டாட்டியும் வரட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

அது அவர்கள் அம்மாவைப் பெற்ற எர்மான்ஸின் தங்க மணி மாலை. வீட்டில் அதற்குச் சாட்சியாக ஒரு பழைய தபால் அட்டை உண்டு. அட்டையில் எர்மான்ஸ் கழுத்து நிறைய நெல்லிக்காய் பருமன் மணிகளோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். நடு மணி மட்டும் நசுங்கியிருக்கும். 'நான் பிறக்கும்போது வலி தாங்காம அவ கடிச்சது' என்று அம்மா சொல்லிச் சொல்லி அந்த நசுங்கலே குடும்பப் பெருமையாகிவிட்டது. மாலை தகரப் பெட்டிக்குள் இருக்கிறது என்பாள்; பெட்டியைத் திறக்கத்தான் யாரையும் விட்டதில்லை. கடைசிக் காலத்தில் அவளுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் சோலான்ஜ், பெட்டிச் சாவியும் அவள் இடுப்பில்தான் இருந்தது. அம்மா போன மறுநாள் பெட்டியைத் திறந்தால் உள்ளே வெறும் பஞ்சு. எலியெத் தெருவே கூடிப் பார்க்க, "திருடி! மாலை வராம எங்க கல்லறையில உனக்கு இடமில்ல" என்றாள். அன்று விட்ட பேச்சு விட்டதுதான்.

துக்க வீட்டுப் பேச்சைத் தவிர்க்கவே, அறிவிப்பைக் கேட்ட கையோடு எலியெத் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு நகர மண்டபத்துக்குப் போனாள். சுங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஃபெர்னான் அங்கே பழைய தபால் அட்டைகளைக் காட்சிக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா மகாராணி! உன் எர்மான்ஸுக்கு நடு இடத்தையே காலியா வச்சிருக்கேன்."

"பின்ன? ஓரத்துல நிக்கவா எங்க பாட்டி அவ்வளவு தங்கம் போட்டா?"

அட்டையை வைத்துவிட்டுப் பெருமையாக அக்கம்பக்கம் பார்த்தாள். பக்கத்து அட்டையில் ஒரு மீன்காரி. அவள் கழுத்திலும் அதே மாதிரி மாலை. அதற்கடுத்து ஒரு சலவைக்காரி, அவளுக்கும் மாலை. எங்கள் பாட்டியைப் பார்த்து ஊரே செய்துகொண்டது போல என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஃபெர்னானின் பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தாள்.

மீன்காரியின் நடு மணி நசுங்கியிருந்தது. சலவைக்காரிக்கும் அதே மணி, அதே பக்கம்.

"ஃபெர்னான்... இந்த மாலை..."

"அது போட்டோக்காரனோடதும்மா. பாரு, எல்லார் பின்னாடியும் அதே வாழைமரத் திரை, எல்லாருக்கும் அதே பாவாடை. வர்ற பொண்ணுக்கெல்லாம் மாட்டிவிட்டுப் படம் எடுப்பான், எடுத்ததும் கழட்டிக்குவான். ஏன், உனக்குத் தெரியாதா?"

மீன்காரி அட்டையைத் திருப்பினாள். தபால் முத்திரையில் இருந்த வருஷம் அம்மா பிறப்பதற்கு ரொம்ப முந்தையது. எர்மான்ஸ் எதையும் கடிக்கவில்லை. பெட்டியில் என்றைக்குமே பஞ்சுதான் இருந்திருக்கிறது, அது அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. பெற்றவளைச் செத்த பிறகு திட்டத் தோன்றியது அன்றுதான்.

தன் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். வீட்டுக்குப் போய்க் கல்லறைச் சாவியை எடுத்துக்கொண்டு ரெமி வீட்டுப் படியேறும்போது மூச்சு வாங்கியது. கூடத்தில் சவப்பெட்டி திறந்திருந்தது. ரம் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள்.

அவள் வாய் திறப்பதற்குள் ரெமி எழுந்து வந்து ஒரு துணி முடிச்சை அவள் உள்ளங்கையில் திணித்தான்.

"இந்தா, உன் மாலை. இப்பவாவது கல்லறையத் திற."

முடிச்சுக்குள் தங்க மணிகள் பளபளத்தன. எலியெத் ஒரு மணியை உருட்டிப் பார்த்தாள். "இது... எங்கேருந்துடா?"

"திருடினது இல்ல. வாங்கினது. இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கடற்கரையில தேங்கா ஐஸ் வித்தாளே, எதுக்குன்னு நினைச்சே? போன மாசம்தான் கைக்கு வந்துச்சு. தானே கொண்டுவந்து குடுக்கறேன்னா, அதுக்குள்ள படுத்துட்டா. எங்க வச்சான்னு தெரியாமத் தேடி, நேத்து ராத்திரிதான் அவ பீரோவுல கிடைச்சுது."

"எடுக்காதவ எதுக்குடா..."

"நானும் அதான் கேட்டேன். 'திருடின்னே இருந்துட்டுப் போறேன், கல்லறையில உங்கூடப் படுக்கணும், அவ்வளவுதான்'னா. நடுவுல பாரு, நசுங்கினதுகூட இருக்கு. ஆசாரி புது நகையைக் கெடுக்க மாட்டேன்னுட்டானாம். இவளே கடிச்சா. பல்லு ஆடிப்போய் ரெண்டு நாள் சோறு திங்கல."

நடு மணியில் பல் தடம் தெரிந்தது. எலியெத் சாவியைச் சவப்பெட்டியின் விளிம்பில் வைத்தாள். தபால் அட்டையைத் தம்பியிடம் நீட்டினாள். சொல்லாமல் விழுங்கிவிடலாம் என்று ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் திருடி என்று கூவியது நாலு பேர் முன்னால்தானே.

"அப்படி ஒரு மாலை நம்ம வீட்டுல இருந்ததே இல்லடா. போட்டோக்காரன் மாட்டிவிட்டது. எர்மான்ஸ் எதையும் கடிக்கல. அம்மா சொன்னதெல்லாம் பொய்."

ரெமி அட்டையைப் பார்த்தான். பிறகு சோலான்ஜின் மூடிய வாயைப் பார்த்தான். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான்:

"அப்போ இவ எதுக்குக்கா கடிச்சா?"