கொட்டாவிக் கண்காணிப்பாளர் இருந்தாரா?

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அக்காவிடமிருந்து எடுத்தது. ("திருடியது" என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, "எடுத்ததுன்னே போடு. திருடுறதுக்குக் கொஞ்சம் திறமை வேணும்" என்றாள்.)

பகலில் நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது என் தொழில். மாலையில் கதை எழுதக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போகிறேன். அங்கே தினமும் டைரி எழுதச் சொல்கிறார்கள். மற்றவர்கள் மனம்போல எழுதுகிறார்கள்; நான் ஓரம் விட்டுக் கோடு போட்டு எழுதுகிறேன். "உங்க வீட்டுல நடக்குறதையே கதையா எழுதுங்க" என்றார் வகுப்பு ஆசிரியர். எங்கள் வீட்டில் நடப்பது ஒன்றே ஒன்றுதான். அக்காவின் ஆராய்ச்சி.

அக்கா இந்திய வரலாற்றில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். பழைய அரசவைகளில் அன்றாடம் என்ன நடந்தது, யார் எங்கே நின்றார்கள், யாருக்கு உட்கார உரிமை இருந்தது என்பதெல்லாம் அவளுடைய பொருள். எங்கள் இருவருக்கும் ஒரே அறை. அவளுடைய குறிப்பட்டைகள் முதலில் அவள் கட்டிலில்தான் இருந்தன. பிறகு பேரரசு விரிவதுபோல என் கட்டிலுக்கும் வந்துவிட்டன. என் தலையணைக்கடியில் இப்போது ஒரு படைத்தலைவர் இருக்கிறார்.

சரி, தொடக்கம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

"மழை பெய்துகொண்டிருந்தது." (பெய்யவில்லை.)

"அமைச்சர் ஒருவர் கொட்டாவி விட்டார், அவை நடுங்கியது." (அழகாக இருக்கிறது. ஆனால் பொய். எப்பேர்ப்பட்ட பொய் என்பதுதான் கதை. அதை முதல் வரியிலேயே வைத்தால் பிறகு எழுத என்ன இருக்கிறது?)

"ஆய்வாளருக்கு வேண்டியது ஒரு கையெழுத்து."

இது தெளிவா, அது தெளிவா? மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். (கதைக்குள் அக்காவுக்குப் பெயர் ஆய்வாளர்.) பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டுமாம்.

2

ஆய்வாளருக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. அதைப் போட வேண்டியவர் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். துறையில் அவருக்குப் பெயரே கிடையாது, சார் என்றால் அவர்தான். சார் அடுத்த வாரம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டில் கையெழுத்து வாங்காவிட்டால் வேறு வழிகாட்டியைத் தேட வேண்டும். புது வழிகாட்டி புதுத் தலைப்பைச் சொல்வார். தலைப்பு புதிதாகும், வயது புதிதாகாது.

சாரைப் புகழ்பெறச் செய்தவர் கொட்டாவிக் கண்காணிப்பாளர். பழைய அரசவையில், மன்னர் பேசும்போது யார் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே தூணோரம் ஓர் அதிகாரி நிற்பாராம். கொட்டாவி விட்டவர் அன்று கடைசி வரிசைக்குப் போக வேண்டுமாம். சார் இதைப் பற்றிப் பேசாத ஊரில்லை. வெறுமனே பேச மாட்டார். கொட்டாவியை அடக்கப் பார்க்கும் அமைச்சராக நடித்தே காட்டுவார். மூக்கு விடைக்கும், கண்ணில் நீர் கோக்கும், தாடை தனியாக ஆடும். பார்க்கிற கூட்டம் மொத்தமும் கொட்டாவி விடும், பிறகு சிரிக்கும்.

ஆய்வாளரின் ஆய்வேட்டில் நான்காம் இயல் முழுக்க இந்த அதிகாரிதான். மற்ற இயல்களெல்லாம் அவருக்கு வாசல், கூடம், படிக்கட்டு. அந்த அதிகாரிக்குச் சம்பளம் தானியமாகத் தரப்பட்டதா நிலமாகத் தரப்பட்டதா என்று அவள் ஒரு தனிப்பகுதியே எழுதியிருந்தாள். நிலம் என்பது அவள் முடிவு.

சாரின் வழியனுப்பு விழாவில் கடைசியாக ஒருமுறை கொட்டாவி உரை உண்டு. வரவேற்றுப் பேசப் போகிறவள் ஆய்வாளர்.

[இந்த இடத்தைச் சாப்பாட்டு மேசையில் படித்துக் காட்டினேன். "அப்படி ஒரு ஆபீசர் நெஜமாவே இருந்திருந்தா, உங்க அப்பா ஒரு நாள்கூட வேலையில நின்னிருக்க முடியாது" என்றாள் அம்மா. அப்பா மறுத்துப் பேசவில்லை. அப்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.]

3

ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன் அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது வழக்கம். பெரும்பாலோர் பக்க எண் சரியா, முற்றுப்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆய்வாளர் அந்தந்த நூலையே எடுத்துப் பார்ப்பவள். (வீட்டில் பாலுக்குக் காலாவதித் தேதி பார்ப்பதும் அவள்தான்.)

கொட்டாவிக் கண்காணிப்பாளருக்கு அவள் காட்டியிருந்த ஆதாரம் சாரின் பெரிய நூல். அந்த நூலின் அடிக்குறிப்பு வேறொரு பேராசிரியரின் நூலைக் காட்டியது. அவர் ஒரு கட்டுரைத் தொகுப்பைக் காட்டினார். தொகுப்பு ஒரு பழைய ஆய்விதழைக் காட்டியது. அத்தனையும் கனமான நூல்கள், கெட்டி அட்டை, பின்னட்டையில் பாராட்டு. ஒவ்வொருவரும் முன்னவரை நம்பியிருந்தார்கள். முன்னவர் எதை நம்பினார் என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில் இவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று அவர்களும், பெண் வீட்டுக்காரர் என்று இவர்களும் நினைத்துக்கொள்ள, ஓர் ஆள் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுப் போவதில்லையா, அப்படி.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் அந்த ஆய்விதழ் கிடைத்தது. கட்டுரை, ஆராய்ச்சி செய்கிற இளைஞர்களுக்கான எச்சரிக்கை. அதில் இந்தப் பத்தி இருந்தது:

"ஆதாரமில்லாத செய்தி எப்படிப் பரவுகிறது என்பதற்கு நானே ஒன்றைக் கற்பனை செய்து காட்டுகிறேன். அரசவையில் கொட்டாவி விடுவோரைக் கண்காணிக்க ஓர் அதிகாரி இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். நாளை ஒருவர் இதைச் சரிபார்க்காமல் எடுத்து எழுதுவார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். கடைசியில் அந்த அதிகாரிக்கு என்ன சம்பளம் என்றுகூட ஆராய்வார்கள்."

ஆய்வாளர் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். பிறகு கட்டுரையின் தலைப்புக்கு மேலே எழுதியவர் பெயரைப் பார்த்தாள்.

சாரின் பெயர்.

இளம் வயதில் அவர் விளையாட்டாகச் செய்துவைத்த பொய், ஊரெல்லாம் சுற்றி, இரண்டு நூல்களில் தங்கி, கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. பெற்றவருக்குப் பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. வாசலில் நின்று வரவேற்றிருக்கிறார்.

[முதல் வரைவில் "ஆய்வாளர் அழுதாள்" என்று எழுதியிருந்தேன். பக்க ஓரத்தில் அக்காவின் கையெழுத்து: "அழவில்லை. தூசி. ஆதாரம் இல்லாமல் எழுதாதே."]

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். கதைக்கு எதிராளி வேண்டும் என்கிறார் வகுப்பு ஆசிரியர். ஆகவே சாரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். ஆய்வாளரைக் காக்கவைத்தேன். கடைக்குப் போய் வரச் சொல்லவைத்தேன். கொஞ்சம் சிரமப்பட்டு ஒரு கோணல் சிரிப்பையும் கொடுத்தேன்.

அக்கா படித்துவிட்டுத் தாளை என் கட்டிலில், படைத்தலைவரின் மேல், போட்டாள்.

"யாருடி இந்த ஆளு?"

"சார்தான்க்கா. கதைக்காகக் கொஞ்சம்..."

"என் மொத இயல எத்தன தடவ உக்காந்து திருத்திக் குடுத்தாரு தெரியுமா? எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நூலகப் புத்தகத்தையெல்லாம் அவரே தூக்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுத்தவரு. அவருக்குக் கோணல் சிரிப்பா?"

"அப்ப அவர் நல்லவரா?"

"நல்லவருதான். அதான்டி பிரச்சன. கெட்டவரா இருந்தா நேத்தே சொல்லியிருப்பேன்."

இதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது என்பதால் கோணல் சிரிப்பை அடித்துவிட்டேன்.

ஆக, நிலைமை இது. ஆய்வாளர் உண்மையைச் சொன்னால் நான்காம் இயல் போய்விடும். கையெழுத்தும் போகலாம். விழா மேடையில் சார் எதைப் பேசுவார்? சொல்லாவிட்டால் பட்டம் கிடைத்துவிடும். ஆனால் இந்திய அரசவை வரலாற்றில் இல்லாத ஓர் அதிகாரிக்கு நிலம் எழுதிக்கொடுத்தவளாக ஆயுசுக்கும் அவள் நடமாட வேண்டும்.

5

அவள் ஒத்திகை பார்த்தாள். சாராக நடிக்க என்னைக் கூப்பிட்டாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டேன்.

"சார், நாலாம் இயல்ல ஒரு சின்ன சந்தேகம்."

"சொல்லும்மா."

"கொட்டாவிக் கண்காணிப்பாளர் இருக்காருல்ல சார், அவரு... கொஞ்சம்... இல்ல."

"லீவுல போயிருக்காரா?"

"வெளையாடாதடி."

"சார் அப்படிக் கேட்டா?"

"கேக்க மாட்டாரு." கொஞ்சம் யோசித்தாள். "கேப்பாரு."

மறுபடி முயன்றோம். இந்த முறை நான் சார் போலவே அமைச்சர் கொட்டாவியை நடித்துக் காட்டினேன். அக்காவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் உண்மையாகவே வந்தது. இல்லாத அதிகாரிக்கு நாங்கள் இருவரும் அன்றைக்கு நல்ல வேலை கொடுத்தோம்.

"வாயால சொன்னா சரியா வராது. அவர் எழுதினத அவரே படிக்கட்டும்" என்றாள் கடைசியில்.

6

(இந்தப் பகுதியை அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். மறுபடி ஆய்வாளர் ஆக்கிவிடுகிறேன்.)

சாரின் அறையில் பாதி நூல்கள் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. வெற்று அலமாரிக்கு முன்னால் அவர் வழக்கத்தைவிடச் சிறியவராகத் தெரிந்தார்.

"வாம்மா. கொண்டுவந்துட்டியா? குடு, போட்டுடலாம். பேனாவத்தான் எந்தப் பெட்டியில கட்டினேன்னு தெரியல."

ஆய்வாளர் ஆய்வேட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஆய்விதழைப் பிரித்து மேசையில் வைத்தாள். கட்டுரையின் மேற்பகுதியில், பெயரை மறைத்து, உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்துக்கு முன்னாடி இத ஒரு தடவ படிங்க சார்."

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். இரண்டு பத்தி தாண்டியதும் மேசையை மெல்லத் தட்டினார்.

"யாரு இவன்? கெட்டிக்காரப் பயலா இருக்கானே."

ஆய்வாளர் உள்ளங்கையை இன்னும் அழுத்தினாள்.

"சின்ன வயசா இருக்கணும். பெரியவங்க யாரையும் விட்டு வெக்கல பாரு. நாங்கல்லாம் இப்படி எழுதப் பயப்படுவோம்." எதிர்ப்பக்கத்துக்குப் போனார். அவள் கையை இடம் மாற்றாமல் பார்த்துக்கொண்டாள். "இந்த மாதிரி ஒருத்தன் எனக்கு மாணவனா வந்திருந்தா... நீ தப்பா நெனச்சுக்காதம்மா."

"இல்ல சார்."

பிறகு அந்தப் பத்தி வந்தது. வந்துவிட்டது என்பது அவர் விரலில் தெரிந்தது. விரல் ஒரு வரியில் நின்றது, திரும்பவும் அதே வரியின் தொடக்கத்துக்கு வந்தது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எழுந்து போக நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் விருந்தாளியைப் போல இருந்தது.

வெளியே தாழ்வாரத்தில் யாரோ நாற்காலிகளை விழா அரங்குக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் முடியும்வரை சார் காத்திருந்தார்.

"கைய எடும்மா. பேரப் பாக்கணும்."

7

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் வீட்டுக்கு வந்தேன்."

"கைய எடுத்தியா இல்லையா?"

அக்கா குறிப்பட்டைகளை அடுக்கினாள்.

"கையெழுத்தாவது போட்டாரா?"

"இங்க பாரு. அந்த ரூம்ல ரெண்டே பேருதான் இருந்தோம். சார் உங்கிட்ட சொல்ல மாட்டாரு. நானும் சொல்லப் போறதில்ல. அப்ப உங்கிட்ட ஆதாரம் இல்ல. ஆதாரம் இல்லாதத எழுதினா அதுக்கு என்ன பேரு தெரியுமா?"

"கதை" என்றேன்.

அக்காவிடம் அதற்கு மறுமொழி இல்லை. எங்கள் இருவர் வாழ்க்கையிலும் இது புதிது. பயந்துபோய் நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

துணிச்சல் வந்ததும் முடிவுகளை எழுதிப் பார்த்தேன். அவள் கையை எடுக்கிறாள், சார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, 'இதையே நாலாம் இயலா எழுது' என்கிறார். (ஆசையில் எழுதியது. வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் யாரும் சிரிப்பதில்லை.) அவள் கையை எடுக்கவில்லை, 'பேரு கிழிஞ்சு போச்சு சார்' என்கிறாள், அவர் நம்புவதுபோல நடிக்கிறார். (அவர் நல்ல நடிகர் என்று ஏற்கெனவே சொல்லியிருப்பதால் இது பொருந்துகிறது. பொருந்துவதாலேயே சந்தேகமாக இருக்கிறது.) அவர் பெயரைப் பார்த்துவிட்டு, 'எனக்கு எப்பவோ தெரியும்மா' என்று

இல்லை. இதை நான் எழுத மாட்டேன். எழுதினால் யாராவது நம்பிவிடுவார்கள்.

இப்போது மாலை. அக்கா களைத்துப்போய் கட்டிலில் தூங்குகிறாள். பக்கத்தில் ஆய்வேட்டுப் பை. ஜிப் மூடியிருக்கிறது. திறந்து முதல் தாளைப் பார்த்தால் கையெழுத்து இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நான்காம் இயல் இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். ஆனால் அவள் உள்ளங்கையை விரித்து, பையின் மேல் அழுத்தமாக வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

வாசகரே, எனக்கு வகுப்புக்கு நேரமாகிறது. அறைக் கதவைச் சாத்தாமல் விட்டுப் போகிறேன். அந்தக் கையை நகர்த்த உங்களுக்கு மனம் வந்தால் நகர்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்த பிறகு எதை எழுதுவதானாலும் உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். அடிக்குறிப்பில் என்னைப் போடாதீர்கள்.