டீச்சருக்கும் மாப்பிள்ளைக்கும் ஆகாது

சின்னு என்பது அக்கா வைத்த செல்லப் பெயர். டயாலிசிஸ் பிரிவில் மூத்த நர்ஸாகி, டாக்டர்களே அவளைக் கேட்டு நடக்கும் நிலை வந்த பிறகும் வீட்டில் அவள் சின்னுதான்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். குடிப்பதில்லை, புகைப்பதில்லை. குதிரைப் பந்தயம் ஒன்றுதான் பைத்தியம். அதுவும் கைச்செலவுக்குள் அடங்குகிற பைத்தியம் என்பதால் சின்னு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் வந்துவிட்டால் மனிதர் வீட்டில் இருந்தும் இல்லாதவர். மகள் வாலுவின் பள்ளி நாடகத்தில் ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், மகள் அழவேண்டிய இடத்தில் எழுந்து கை தட்டிவிட்டார். அந்தக் கதை சொந்தக்காரர்கள் மத்தியில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாடியில் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணக்கு டீச்சர். கண்டிப்புக்குப் பேர்போனவள். சாப்பாடு மட்டும் கீழே, தங்கை வீட்டில். பந்தயம் என்றால் அவளுக்கு எட்டிக்காய்.

"குதிரைக்குக் கொள்ளு வெச்சவன் பொழைப்பான். குதிரை மேல காசு வெச்சவன் பொழைக்க மாட்டான், மாப்பிள்ளை" என்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பிப்பாள்.

"டீச்சர், பெஞ்சு மேல ஏத்துறதெல்லாம் உங்க பள்ளிக்கூடத்தோட வெச்சுக்குங்க" என்பார் அவர்.

பேச்சு தடிக்கும். அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து மாடிப்படி அதிர ஏறிப் போவாள். சின்னு தட்டை மூடி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவாள். "அவர் மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாருக்கா. எனக்காகச் சாப்பிடு" என்று கெஞ்சுவாள். கீழே வந்து, "அக்காவுக்கு வாய்தான் நீளம், மனசு தங்கம். நீங்க கண்டுக்காதீங்க" என்று இவரைத் தேற்றுவாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரு நாளும் அவள் அலுத்துக்கொண்டதில்லை. வாலுவை விட்டால் தனக்கு இருப்பதே இந்த இரண்டு பேர். அவர்களை ஒட்டவைப்பது தன் பொறுப்பு என்று நினைத்தாள்.

அந்த ஏரிக்கரைப் பயணம் சின்னு கேட்டு வாங்கியது. வருடக்கணக்கில் நால்வரும் சேர்ந்து வெளியே போனதில்லை. கூட வேலை பார்க்கும் நர்ஸின் டியூட்டிகளை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு சனி, ஞாயிறை வாங்கினாள். கணவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தாள்.

"அந்த ரெண்டு நாள் மட்டும் குதிரைய மறந்துடுங்க."

"சத்தியமா. ரெண்டு நாளைக்குக் குதிரைக்கு எத்தனை காலுன்னு கேட்டாக்கூட எனக்குத் தெரியாது" என்றார்.

எங்கே போவது என்று யோசித்தபோது, ஏரிக்கரை விடுதியைச் சொன்னது அக்காதான். "நானும் வரேன்டி" என்றாள். சின்னுவுக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு பேரும் ஒரே இடத்தில் இரண்டு நாள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள்.

சனிக்கிழமை விடுதியில் காலைச் சாப்பாட்டின்போதே முட்டை வெந்தது வேகாதது என்று இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். சின்னு நடுவில் புகுந்து தன் தட்டிலிருந்த முட்டையை அக்காவுக்கு மாற்றிவைத்தாள். அப்போது கணவர் மேனேஜரிடம் ஏதோ பேசிவிட்டு வந்து தலையைச் சொறிந்தார்.

"லிஃப்ட்டு மூணாவது மாடியில நின்னுபோச்சாம் சின்னு. மேல வயசானவங்கல்லாம் இருக்காங்க. கம்பெனி ஆளு வர நேரமாகுமாம். நான் பாத்துட்டு வந்துடட்டுமா?"

"போங்க. பாவம், அவங்க எப்படிப் படி இறங்குவாங்க?" என்றாள் சின்னு.

"லீவுலயும் தொழில் விடாதாக்கும்" என்று அக்கா ஒரு குத்து விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் ஒற்றைத் தலைவலி வந்துவிட்டது. சின்னு மாத்திரை கொடுத்து, நெற்றியில் தைலம் தேய்த்து, அறையின் திரைகளை இழுத்து மூடி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வாலுவைக் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள்.

இரவு பெய்த மழை விட்டும் காற்று பலமாக இருந்ததால் படகுகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். வாலுவின் முகம் சுருங்கியது. படகுக்காரர்தான் வழி சொன்னார். "பாப்பாவ ரேஸுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. அந்த மேட்டுக்குப் பின்னாலதான் மைதானம். இன்னிக்கும் நாளைக்கும் பெரிய பந்தயம். வேலி ஓரமா நின்னா குதிரைய பக்கத்துல பாக்கலாம்."

அதைக் கேட்டதும் சின்னுவுக்குக் கணவர் மீதுதான் இரக்கம் வந்தது. ஐயோ பாவம், இத்தனை பக்கத்தில் பந்தயம் நடக்கிறது. அது தெரியாமல் மனிதர் யாருடைய லிஃப்டையோ கழற்றிக்கொண்டிருக்கிறாரே. சத்தியத்தைத் தானே தளர்த்திவிடலாம் என்று தோன்றியது. ஒரு மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அக்கா தூங்கி எழுவதற்குள் திரும்பிவிட்டால் சண்டையும் வராது.

மைதான வேலியருகே வாலுவை நிறுத்திவிட்டுக் கணவருக்குப் போன் செய்தாள்.

"சொல்லு சின்னு" என்றார் தாழ்ந்த குரலில். "லிஃப்ட் குழிக்குள்ள இருக்கேன். சரியா கேக்கல."

இங்கே வாங்க என்ற வார்த்தை அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் தலைக்கு மேலே கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கி, அடுத்த பந்தயத்தில் ஏழாம் எண் குதிரை ஓடாது என்று அறிவித்தது. மறு நொடியே அதே குரல், அதே வாக்கியம், போனுக்குள்ளிருந்தும் கேட்டது.

"சின்னு? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள். "நீங்க வேலையப் பாருங்க."

போனை வைத்த பிறகும் அவளுக்குக் கோபம் வரவில்லை. சபலம், விட முடியவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள். அக்காவுக்குத் தெரியாமல் இதை எப்படி மறைப்பது என்றுகூட மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. அப்போது வாலு அவள் கையை இழுத்தாள்.

"அம்மா, அங்க பாரு, பெரியம்மா!"

பார்வையாளர் படிகளில், மேலிருந்து மூன்றாவது வரிசையில், அக்கா நின்றுகொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடி. தலையில் கணவருடைய தொப்பி. பக்கத்தில் கணவர். குதிரைகள் திருப்பத்தைக் கடந்தபோது அக்கா இருக்கைமேல் ஏறி, "விடாத, விடாத, உள்பக்கமா வா!" என்று கத்தினாள். பந்தயம் முடிந்ததும் அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அக்கா அப்படிச் சிரித்து சின்னு பார்த்ததே இல்லை.

வாலுவின் வாயில் விரல் வைத்துவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு சின்னு படியேறினாள். கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்வரிசையில் போய் நின்றாள்.

"நான்தான் சொன்னேனே மாப்பிள்ளை, ஈரத் தரைன்னா இவன் பறப்பான்னு."

"உங்க கணக்குக்கு முன்னால நான் எம்மாத்திரம் டீச்சர்? ஆனா சாயங்காலம் மறந்துடாதீங்க, என்னைத் திட்டணும். நீங்க சும்மா இருந்தா அவளுக்குச் சந்தேகம் வந்துடும்."

"எதுக்குத் திட்டுறது?"

"லிஃப்டு ரிப்பேருன்னு போய் லீவைக் கெடுத்ததுக்கு."

"சரி. ஆனா இந்தத் தடவை நான் பாதியில எந்திரிக்க மாட்டேன். எனக்குப் பசிக்கும்."

"அதான் உங்க தங்கச்சி மூடி போட்டு எடுத்துட்டு வருவாளே" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

"இப்பவே திட்டிடுக்கா" என்றாள் சின்னு. "நானும் கேக்குறேன்."

இருவரும் திரும்பினார்கள். அக்கா தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள், வகுப்பில் பிடிபட்ட பிள்ளைபோல. கணவர் கையிலிருந்த பந்தயச் சீட்டைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"எத்தனை வருஷமாக்கா?"

அக்கா தரையைப் பார்த்தாள். "வாலு பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து. ஒரு நாள் இவரைப் பந்தயக் கடையில கையும் களவுமா பிடிச்சேன். உன்கிட்ட சொல்றதுக்குத்தான் வந்தேன். ஒரே ஒரு தடவை நீங்களும் ஒரு குதிரை மேல கட்டிப் பாருங்கன்னு இவர் சொன்னார். அது ஜெயிச்சுத் தொலைச்சுது. அப்புறம்... பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும் சின்னு."

"நான் பள்ளிக்கூடமா?"

முதுகுக்குப் பின்னால் அக்கா தொப்பியைக் கசக்கினாள்.

"போறேன்னு சொல்லியிருந்தா நான் எப்பவாவது தடுத்திருக்கேனா? இவருக்காக உன்கிட்டயும் உனக்காக இவர்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிட்டே இருந்தேனே. மாடிப்படி ஏறி ஏறி எறங்கினேனே. அப்பல்லாம் நீங்க என்ன நினைச்சீங்க?"

கணவர் அவள் தோளைத் தொடப் பார்த்தார். "சின்னு, நாங்க வேற தப்பு ஒண்ணும் பண்ணலையே. ஒரு விளையாட்டு மாதிரி..."

"ஆமாங்க. விளையாட்டுதான். எனக்கு மட்டும் யாரும் சொல்லல."

வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மேட்டு வழியாக நடந்து வரும்போது வாலு, "பெரியம்மாவுக்குத் தலைவலி சரியாயிடுச்சாம்மா?" என்று கேட்டாள். "சரியாயிடுச்சு" என்றாள் சின்னு.

மறுநாள் காற்று அடங்கியிருந்தது. அம்மாவும் மகளும் படகில் போனார்கள். பெரிய பந்தயத்துக்கு அக்காவும் கணவரும் போகவில்லை. விடுதித் தோட்டத்தில் ஆளுக்கொரு பெஞ்சில், ஒரே வகுப்பில் தண்டனை பெற்ற பிள்ளைகள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை, டியூட்டி மாற்றிக்கொண்டு உதவிய நர்ஸ் உடைமாற்றும் அறையில், "எப்படியிருந்துச்சு ட்ரிப்பு?" என்று கேட்டாள். சின்னு எல்லாவற்றையும் சொன்னாள். தொப்பி, தலைவலி என்று வரவர அந்த நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன் சிஸ்டர். இப்படி ஒரு அக்கா, இப்படி ஒரு புருஷன், கொடுத்து வெச்சவங்க நீங்க." சின்னுவின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. இது இன்ன துரோகம் என்று பெயர் சொல்ல சின்னுவுக்கே வார்த்தை கிடைக்கவில்லை. யாரும் எதையும் இழக்கவில்லை. குடும்பம் உடையவில்லை. சிரிக்க வேண்டிய கதைதான். அவளுக்கு மட்டும் அழுகை வந்தது.

அக்கா இரண்டு முறை இறங்கி வந்து அழுதாள். கணவர் இனிமேல் பந்தயமே வேண்டாம் என்றார். "எனக்காக விடாதீங்க. விளையாடுங்க. மறைக்காம விளையாடுங்க" என்று சின்னு சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. இருவருக்கும் சோறு போட்டாள், பேசினாள், உடம்பு சரியில்லாதபோது பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை டியூட்டியை மட்டும் தானே கேட்டு நிரந்தரமாக வாங்கிக்கொண்டாள்.

இப்போது சனிக்கிழமைகளில் பந்தயம் கூடத்து டிவியிலேயே நடக்கிறது. வாலுவும் சேர்ந்து குதிரை பார்க்கிறாள். டியூட்டி முடிந்து வரும்போது வாசல் வரைக்கும் அக்காவின் சிரிப்பு கேட்கும். சின்னு சாவியைப் போட்டுத் திருப்புவாள். உள்ளே சிரிப்பு நின்றுவிடும்.